கப்பலில் வந்தது எது?

"ஆணும் ஆணும் வாழ்வது, திருநங்கையைக் கல்யாணம் கட்டுவது எல்லாம் சினிமாவும் ஓடிடியும் கொண்டுவந்து இறக்கிய மேல்நாட்டுச் சரக்கு. நம்ம ஊருக்கு இது ஒட்டாது." தூத்துக்குடியில் இந்தப் பேச்சைக் கேட்காதவர் இருக்க முடியாது. படித்தவர்களும் பேசுகிறார்கள். அதனால்தான் பதில் சொல்லவேண்டியிருக்கிறது.

நம்ம ஊரிலிருந்தே தொடங்குவோம். 2018 அக்டோபர் 31 அன்று தூத்துக்குடி சங்கர ராமேஸ்வரர் கோயிலில் ஓர் ஆணும் ஒரு திருநங்கையும் திருமணம் செய்துகொண்டார்கள். ஓடிடி படப்பிடிப்பு அல்ல, சிவன் கோயிலில் நடந்த கல்யாணம். அதைப் பதிவுசெய்யப் போனபோது சார்பதிவாளர் அலுவலகம் மறுத்தது. மாவட்டப் பதிவாளரும் கைவிரித்தார். இருவரும் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போனார்கள். இந்துத் திருமணச் சட்டம் 5-ஆம் பிரிவில் சொல்லும் மணமகள் திருநங்கையாகவும் இருக்கலாம் என்று 2019 ஏப்ரல் 22 அன்று நீதிபதி ஜி.ஆர்.சுவாமிநாதன் தீர்ப்பளித்தார். புதிதாக எதையும் சொல்லவில்லை, கண்முன் இருப்பதையே சொல்கிறேன் என்ற பொருளில் அதில் எழுதவும் செய்தார். இடைப்பாலினக் குழந்தைகளுக்கு அவசியமில்லாமல் செய்யப்படும் பால்மாற்று அறுவைச் சிகிச்சையைத் தடைசெய்யும்படி அரசுக்கு உத்தரவிட்டதும் இதே தீர்ப்புதான். அவ்வாண்டு ஆகஸ்டிலேயே அரசாணை வந்தது. நம் ஊரிலிருந்து போன ஒரு மனு, மாநிலம் முழுக்கப் பிறக்கும் பிள்ளைகளுக்குக் காவலாக நிற்கிறது.

உண்மையில் கப்பலேறி வந்தது தண்டனைதான். ஒருபால் உறவைக் குற்றமாக்கிய இந்தியத் தண்டனைச் சட்டம் 377-ஆம் பிரிவை 1860-இல் எழுதிவைத்தவர்கள் வெள்ளைக்காரர்கள். வயதுவந்த இருவர் மனமொத்து உறவுகொள்வதற்கு அது பொருந்தாது என்று 2018 செப்டம்பர் 6-இல்தான் உச்ச நீதிமன்றம் சொன்னது.

பண்பாடு என்று வாதாடுபவர்களுக்குக் கூவாகத்தையே காட்டலாம். சித்திரைக்குச் சித்திரை அங்கே கோயில் திருவிழாவில் திருநங்கையர் தாலி கட்டிக்கொள்கிறார்கள். திருநங்கை வாழ்வை மையமாக வைத்து சு.சமுத்திரம் எழுதிய 'வாடாமல்லி' விகடனில் தொடராக வந்தது தொண்ணூறுகளில். அப்போது ஓடிடி ஏது?

ஊடகம் கெடுக்கிறது என்கிறார்கள். கெடுத்திருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கெடுத்தது வேறு விதத்தில். 'வேட்டையாடு விளையாடு' (2006) ஒருபால் ஈர்ப்பைக் கொலைவெறியோடு முடிச்சுப் போட்டது. 'ஐ' (2015) திருநங்கையைக் கேலிப்பொருளாக்கியது. பரிவோடு எடுத்த 'சூப்பர் டீலக்ஸ்' படத்தில்கூட ஷில்பா என்ற திருநங்கைப் பாத்திரத்தைப் பிள்ளை கடத்தலோடு சேர்த்ததைத் திருநங்கையரே கண்டித்தார்கள். அந்தக் கோபம் நியாயமானது. மாறாக, 2008-இல் விஜய் டிவியில் 'இப்படிக்கு ரோஸ்' நடத்திய திருநங்கை ரோஸ், பேசத் தயங்கிய விஷயங்களை வீட்டுக் கூடத்தில் வைத்து நிதானமாகப் பேசினார். எந்தக் குடும்பமும் அதனால் இடிந்துவிடவில்லை. பேசியவரைத் தண்டிக்கப் பார்த்ததும் உண்டு. கல்யாணத்துக்கு முந்தைய உறவு பற்றி 2005-இல் கருத்துச் சொன்னதற்காக நடிகை குஷ்பு மீது ஊருக்கு ஊர் வழக்குப் போட்டார்கள். அத்தனையையும் 2010-இல் உச்ச நீதிமன்றம் ரத்துசெய்தது.

பிள்ளைகள் பாதிக்கப்படுவார்கள் என்ற கவலையை மட்டும் நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். ஆனால் பிள்ளைக்கு ஆபத்து மௌனத்திலிருந்துதான் வருகிறது. தன் உடம்பைப் பற்றிப் பேசவே கூடாது என்று வளர்க்கப்பட்ட பிள்ளை, யாராவது அத்துமீறினால் அம்மாவிடம் எப்படிச் சொல்லும்? சம்மதம் என்றால் என்ன, வேண்டாம் என்று எப்படிச் சொல்வது என்று ஊடகம் வெட்கமில்லாமல் பேசட்டும். அது பிள்ளைக்குப் பாதுகாப்பு.

நம் தூத்துக்குடி மாவட்டத்திலேயே, கோவில்பட்டிக்குப் பக்கத்தில் மந்தித்தோப்பில், திருநங்கையர் மாடு வளர்த்துப் பால் கூட்டுறவுச் சங்கம் நடத்துகிறார்கள். அதற்காக உழைத்த கிரேஸ் பானு இந்த மண்ணின் மகள். பத்திரிகை, தொலைக்காட்சி நண்பர்களே, கூவாகத்துக்கு அனுப்பும் கேமராவை அங்கேயும் அனுப்புங்கள். உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷின் உத்தரவையொட்டித் தமிழக அரசு 2022-இல் திருநங்கையரையும் ஒருபால் ஈர்ப்பினரையும் குறிக்க மதிப்பான சொற்களின் பட்டியல் ஒன்றை அரசிதழில் வெளியிட்டது. அடுத்த செய்தியை எழுதும் முன் அதை ஒருமுறை படியுங்கள்.