டைல்ஸ் பிடிக்கலையா? யாரைக் கேட்டு ஒட்டினீங்க?

கிரகப்பிரவேசம் முடிந்து மூன்று மாதம் ஆகியிருக்கும். வாசலில் கட்டிய மாவிலை காய்ந்து இன்னும் தொங்கிக்கொண்டிருக்கும். அதற்குள் வீட்டில் ஒரு பேச்சு ஆரம்பிக்கும். "கிச்சன் டைல்ஸ் ஒரு மாதிரி இருக்கு இல்ல?"

கடையில் பார்த்தபோது சந்தன நிறம். சுவரில் ஏறியதும் சேற்று நிறம். கேட்லாகில் காபி கப் படம் போட்ட டைல்ஸ் அம்சமாக இருந்தது. அதே கப் அடுப்புக்கு மேலே ஆறு தடவை வரிசையாக வந்ததும் டீக்கடை போர்டு மாதிரி ஆகிவிட்டது :-) போதாக்குறைக்கு மஞ்சள், எண்ணெய், தாளிப்புப் புகை எல்லாம் சேர்ந்து, வெள்ளையாக இருந்த இடுக்குகள் மூன்றே மாதத்தில் பழுப்பாகிவிட்டன.

உடனே வீடு ரெண்டு கட்சியாகப் பிரியும்.

முதல் கட்சி: "இடிச்சுட்டு வேற போட்டுடலாம். வர்றவங்க என்ன நினைப்பாங்க?"

ரெண்டாம் கட்சி: "போட்டது போட்டதுதான். அவ்வளவு காசு கொட்டி ஒட்டினதை இடிக்கிறதாவது!"

ரெண்டு கட்சியும் தப்பு. ஏன் தப்பு என்று வரிசையாகப் பார்ப்போம்.

முதல் கட்சிக்கு

நிறம் ஏன் ஏமாற்றியது என்று யாராவது யோசித்தார்களா? கடையில் தலைக்கு மேல் நாலு பக்கமும் வெள்ளை விளக்கு எரியும். டைல்ஸைச் சாய்த்து நிறுத்தி, நாலடி தள்ளி நின்று பார்ப்பார்கள். வீட்டில் ஒரு ஜன்னல், ஒரு டியூப் லைட். அந்த லைட்டும் சமைப்பவரின் முதுகுக்குப் பின்னால் இருக்கும். அவர் நிழல் அவர் வேலை செய்கிற இடத்திலேயே விழும். அந்த இருட்டில் சந்தனம் சேறாகத் தெரியாமல் வேறு எப்படித் தெரியும்? காரணத்தைச் சரி செய்யாமல் டைல்ஸை மட்டும் மாற்றினால் புதுசும் அதே இருட்டில்தான் நிற்கப் போகிறது.

இன்னொரு காரணம் பெட்டியின் மேலேயே அச்சடித்திருக்கும். ஷேட் நம்பர். ஒரே டிசைன்தான், ஆனால் சூளையில் வேறு வேறு தடவை வெந்தது என்றால் நிறம் லேசாக மாறும். நாலு பெட்டி குறைகிறது என்று அடுத்த வாரம் போய் வாங்கி வந்தால் சுவரில் ஒட்டுப் போட்ட மாதிரி தெரியும். பெட்டியைப் புரட்டிப் படிக்க ரெண்டு நிமிஷம் ஆகும். அதை யாரும் செய்யவில்லை. அடுத்த தடவை மட்டும் செய்வார்களா?

இடிப்பது என்றால் என்ன என்பதையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். டைல்ஸ் மட்டும் தனியாக வராது. பூச்சையும் பெயர்த்துக்கொண்டு வரும். பின்னால் தண்ணீர்க் குழாய் ஓடும், ஸ்விட்ச் பாக்ஸ் இருக்கும். உளி வழுக்கினால் கிரானைட் மேடையின் ஓரம் சில்லு போகும். உடைக்க, பூச, காய, ஒட்ட, இடுக்கு அடைக்க என்று ஒரு வாரத்துக்குக் குறையாமல் சமையலறை மூடியிருக்கும். அந்த வாரம் ஹாலில் அடுப்பை வைத்துச் சமைப்பது யார்? "இடிச்சிடலாம்" என்று சொன்னவர் இல்லை.

அடுத்து, உடைப்பவர். டைல்ஸும் சிமெண்டும் அறுபடும்போது பறக்கிற தூளில் சிலிக்கா இருக்கிறது. அது நுரையீரலில் படிந்து வருகிற சிலிக்கோசிஸ் நோயைக் குணப்படுத்த மருந்து கிடையாது. பெரும்பாலான வேலை இடங்களில் அந்த மனிதர் மூக்கில் ஒரு துண்டைத்தான் கட்டியிருப்பார். வருகிற விருந்தாளி ரெண்டு நிமிஷம் எட்டிப் பார்க்கிற சுவருக்காக அவர் ஒரு நாள் முழுக்க அதை மூச்சில் இழுக்க வேண்டுமா?

அந்த டைல்ஸும் சும்மா வந்ததில்லை. பெரும்பாலும் குஜராத்தின் மோர்பி பக்கத்திலிருந்து வந்திருக்கும். ஆயிரம் டிகிரிக்கு மேல் சுட்ட மண் அது. அந்த ஊர்ச் சூளைகளுக்காக நிலக்கரியை எரிவாயுவாக்கிய ஆலைகள் காற்றையும் தண்ணீரையும் கெடுக்கின்றன என்று 2019-ல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் அவற்றை மூடச் சொல்லும் அளவுக்குப் போனது. அவ்வளவு எரிபொருள் குடித்து, லாரியில் மாநிலம் மாநிலமாகத் தாண்டி வந்த பொருளை மூன்றே மாதத்தில் உடைத்து ஏரிக்கரையில் கொட்டுவதற்கு "பிடிக்கலை" என்பது போதுமான காரணம் இல்லை.

ரெண்டாம் கட்சிக்கு

"இவ்வளவு செலவு பண்ணிட்டோமே" என்பது கேட்க நியாயம் மாதிரி இருக்கும். ஆனால் இடித்தாலும் அந்தக் காசு திரும்ப வராது, இடிக்காவிட்டாலும் வராது. போன காசை வைத்து முடிவெடுக்க முடியாது. இனிமேல் என்ன ஆகும் என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

இனிமேல் ஆகப் போவதில் பெரிய பங்கு உழைப்பு. ஒரு சின்னக் கணக்கு. பத்தடி நீளம், மேடைக்கு மேலே ரெண்டடி உயரம். 20 சதுர அடிச் சுவர். இதில் 12க்கு 18 அங்குல டைல்ஸ் ஒட்டினால் இடுக்குகளின் மொத்த நீளம் சுமார் 33 அடி. அதே சுவரில் 'ஆன்டிக் லுக்' என்று 4 அங்குல சதுர டைல்ஸ் ஒட்டினால் 120 அடி. அழுக்கு உட்காருவது பளபளக்கிற மேற்பரப்பில் இல்லை, இந்த இடுக்கில். 33 அடி தேய்ப்பதும் 120 அடி தேய்ப்பதும் ஒன்றா? அதுவும் ஒரு நாள் இல்லை, வீடு நிற்கும் வரைக்கும். 'லுக்' பார்த்து வாங்கியவர் பழைய பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த 120 அடியைத் தேய்த்துப் பார்க்கட்டும். அப்புறம் "போட்டது போட்டதுதான்" என்று சொல்லட்டும்.

சில நேரம் இடித்தே ஆகவும் வேண்டும். ஒரு ரூபாய் நாணயத்தால் டைல்ஸைத் தட்டிப் பாருங்கள். கெட்டியான சத்தம் வந்தால் பரவாயில்லை. டொக் டொக் என்று வெற்றுப் பானைச் சத்தம் வந்தால் பின்னால் காலி. சுவருக்கு ஒட்டுகிற பீங்கான் டைல்ஸின் உடம்பு தண்ணீர் குடிக்கும். சிமெண்டில் ஒட்டுவதென்றால் முதலில் தண்ணீரில் ஊறப்போட வேண்டும். அவசரத்தில் ஊறப்போடாமல் ஒட்டினால் கலவையில் இருக்கிற தண்ணீரை அது உறிஞ்சிக்கொள்ளும், பிடிப்பு வராது. விட்ரிஃபைடு டைல்ஸ் இதற்கு நேர் எதிர். அது தண்ணீரே குடிக்காது, அதனால் வெறும் சிமெண்டைச் சரியாகப் பிடிக்காது, அதற்கென்று உள்ள பசை வேண்டும். ரெண்டில் எது நடந்திருந்தாலும் ஒருநாள் கொதிக்கிற குழம்பில் டைல்ஸ் விழும். அதைக் "காசு போச்சே" என்று விட்டுவைப்பது சிக்கனம் இல்லை, சோம்பேறித்தனம்.

உண்மையான கேள்வி

டைல்ஸ் வாங்கப் போன காட்சியை நினைத்துப் பாருங்கள். அப்பா, மாமா, கொத்தனார், கடைக்காரர். நாலு பேரும் விலை பேசினார்கள், தரம் பேசினார்கள், பக்கத்துத் தெரு வீட்டில் என்ன போட்டிருக்கிறார்கள் என்று பேசினார்கள். அம்மா அப்போது எங்கே? வந்திருந்தால் ஓரத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருப்பார். கடைசியில், பில் போட்ட பிறகு, "உனக்குப் பிடிச்சிருக்கா?" என்று கேட்டிருப்பார்கள். அவரும் தலையாட்டியிருப்பார். பில் போட்ட பிறகு வேறு என்ன செய்வார்?

2019-ல் இந்தியா முழுக்க நடந்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு சொல்வது இது. சம்பளம் இல்லாத வீட்டு வேலையில் ஈடுபடுகிற பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் கொடுக்கிறார்கள். ஆண்கள் 97 நிமிடம். சமையலறைச் சுவரின் முன்னால் நிற்பது முதல் ஆள். முடிவெடுப்பது ரெண்டாவது ஆள். டைல்ஸ் சொதப்பினதற்கு ஷேட் நம்பரை விட இதுதான் பெரிய காரணம்.

சமைக்காதவர் சமையலறையைப் பற்றிப் பேசவே கூடாது என்று அர்த்தம் இல்லை. 1926-ல் ஜெர்மனியின் ஃபிராங்பர்ட் நகரக் குடியிருப்புகளுக்குச் சமையலறை வடிவமைத்தவர் மார்கரெட் ஷூட்டே-லிஹோட்ஸ்கி என்ற கட்டடக் கலைஞர். சமையல் அவருக்குப் பழக்கமே இல்லாத வேலை. அதை அவரே சொல்லியிருக்கிறார். ஆனால் சமைப்பவர் எத்தனை எட்டு நடக்கிறார், எந்த வேலைக்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்பதையெல்லாம் கணக்கில் எடுத்துக்கொண்டார். அந்தச் சமையலறை 1.9 மீட்டருக்கு 3.4 மீட்டர்தான். இன்றைய மாடுலர் கிச்சனுக்கு அதுதான் முன்னோடி. வேலையைப் பார்த்து அவர் முடிவெடுத்தார். நம்ம வீட்டில் கேட்லாக்கைப் பார்த்து எடுக்கிறார்கள்.

ஆகவே, சுத்தியலைத் தூக்குவதற்கு முன்னால் இந்த வரிசையில் போகலாம்.

1. தட்டிப் பாருங்கள். காலிச் சத்தம் வருகிற டைல்ஸ் நாலைந்து என்றால் அவற்றை மட்டும் மாற்றலாம். பாதிச் சுவர் என்றால் யோசிக்க வேண்டாம், இடித்துவிடலாம்.

2. விளக்கை மாற்றுங்கள். மேல் அலமாரியின் அடியில், மேடையைப் பார்த்த மாதிரி ஒரு எல்.ஈ.டி. பட்டை. பாதிப் பேருக்கு "டைல்ஸ் பிரச்சினை" இதிலேயே தீர்ந்துவிடும்.

3. இடுக்கு மட்டும் கறையா? பழைய வொயிட் சிமெண்டைச் சுரண்டிவிட்டு எபாக்ஸி நிரப்பலாம். விலை அதிகம், ஆனால் மஞ்சளும் எண்ணெயும் சுலபத்தில் உள்ளே இறங்காது.

4. காபி கப் மட்டும்தான் கண்ணை உறுத்துகிறதா? அந்த ஆறை மட்டும் எடுத்துவிட்டு வெறும் டைல்ஸ் வைக்கலாம். அல்லது அடுப்புக்குப் பின்னால் ஒரு ஸ்டீல் தகடு அடிக்கலாம். துடைக்கவும் சுலபம்.

5. இவ்வளவுக்குப் பிறகும் அந்தச் சுவர் முன்னால் நிற்பவர் "எனக்கு இது வேண்டாம்" என்றால், இடியுங்கள். நாளுக்கு அஞ்சு மணி நேர வேலைக்குச் சம்பளம் கேட்காதவர் சுவரைக் கேட்கிறார். அது ஆடம்பரம் இல்லை. உடைப்பவருக்கு நல்ல மாஸ்க் வாங்கிக் கொடுங்கள், தூள் பறக்காமல் தண்ணீர் தெளித்து உடைக்கச் சொல்லுங்கள். இந்தத் தடவை பில் போடுவதற்கு முன்னால் அவரைக் கேளுங்கள். நாலு சாம்பிளை வீட்டுக்கு எடுத்து வந்து, அடுப்புக்குப் பின்னால் ரெண்டு நாள் சாய்த்து வைத்து, அவரே தாளித்து, அவரே துடைத்துப் பார்த்துச் சொல்லட்டும்.

மற்றவர்களுக்கு ஓட்டு வேண்டுமா? தாராளமாக. ஒரு மாதம் மூன்று வேளையும் சமைத்து, ராத்திரி அந்தச் சுவரைத் துடைத்துவிட்டு வரட்டும். அதற்குப் பிறகு எந்தக் கட்சியில் வேண்டுமானாலும் சேரலாம் :-)

டிஸ்கி: சமையல் பெண்களின் வேலை என்று இங்கே யாரும் சொல்லவில்லை. உங்கள் வீட்டில் அப்பா சமைத்தால் அப்பாவைக் கேளுங்கள். வேலைக்கு ஒரு அக்கா வந்து சமைக்கிறார், துடைக்கிறார் என்றால் அவரையும் கேளுங்கள். அவரை இதுவரை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.