மண்டகப்பட்டுக் கல்லும் கணினித் தட்டும்

விழுப்புரத்திலிருந்து செஞ்சிக்குப் போகும் வழியில் மண்டகப்பட்டுக் குகைக்கோயிலைக் கண்டு வந்தோம். செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவுமின்றிப் பிரமனுக்கும் ஈசனுக்கும் திருமாலுக்கும் இதை அமைத்ததாக, விசித்திரசித்தன் என்னும் விருது பூண்ட மகேந்திரவர்ம பல்லவன் அங்கே வடமொழியில் பொறித்து வைத்திருக்கிறான். ஏழாம் நூற்றாண்டின் எழுத்து. இன்றும் படிக்க முடிகிறது.

உடன் வந்த நண்பர் மட்டும் அதை ரசிக்கும் நிலையில் இல்லை. காலஞ்சென்ற தம் தாயாரின் பாட்டைப் பதிந்து வைத்திருந்த ஹார்ட் டிஸ்க் என்னும் தட்டு, வாங்கி நான்கே வருஷத்தில், ஒரு நாள் காலை 'டிக் டிக்' என்று ஒலித்து ஓய்ந்துவிட்டதாம். "பத்து லட்சம் மணி நேரம் உழைக்கும் என்றல்லவா போட்டிருந்தது!" என்று அங்கலாய்த்தார்.

பத்து லட்சம் மணி என்றால் 114 வருஷம்! இந்த யந்திரம் சந்தைக்கு வந்ததே 1956-இல்தான். அவ்வளவு காலம் ஓட்டிப் பார்த்தவர் யார்? அந்தக் கணக்கின் தாத்பரியம் வேறு. ஆயிரம் தட்டுகள் ஓடினால் வருஷத்தில் சுமார் ஒன்பது பழுதாகும் என்பதே அது. அந்த ஒன்பதில் நம் வீட்டுத் தட்டும் ஒன்றாயிருந்தால் என்ன செய்வது?

அந்த ஒன்பதாவது சரியா என்றால், அதுவும் இல்லை. 2007-இல் அமெரிக்காவின் கார்னகி மெலன் சர்வகலாசாலையார் இருவர், பெரிய நிலையங்களில் ஓடிய சுமார் ஒரு லட்சம் தட்டுகளின் கணக்கை ஆராய்ந்தார்கள். வருஷத்துக்கு நூற்றில் இரண்டு முதல் நான்கு வரை மாற்றப்படுவது சகஜமாயிருந்தது. சில இடங்களில் 13 வரை. அதே வருஷம் கூகிள் ஸ்தாபனத்தார் வெளியிட்ட ஆராய்ச்சி இன்னும் விசித்திரமானது. தட்டு தன் தேக நிலையைத் தானே குறித்துக்கொள்ளும் ஏற்பாடு ஒன்று உண்டல்லவா? பழுதானவற்றில் பாதிக்கு மேற்பட்டவை, முக்கியமான நான்கு அறிகுறிகளில் ஒன்றைக்கூடக் காட்டாமலே போய்ச் சேர்ந்தனவாம்!

சுழலும் பாகமில்லாத எஸ்.எஸ்.டி. வேகமானதுதான். ஆனால் பெரிய கோப்புகளைத் தொடர்ந்து எழுதினால் பலவற்றில் அந்த வேகம் பாதியிலேயே படுத்துவிடுகிறது. மின்சாரமின்றிப் பல வருஷம் அலமாரியில் கிடந்தால் எழுத்தே மங்கவும் கூடும்.

நம் முன்னோர் எந்த ஓலையையும் நம்பியவர்களல்லர். பூச்சி அரிக்குமுன் பிரதி எடுத்தார்கள். புதுச்சேரியில் சுமார் 11,000 சைவச் சுவடிகள் இருப்பதும், 2005-இல் யுனெஸ்கோ அவற்றை உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்ததும் அந்த ஓயாத கைகளின் புண்ணியம்.

"எந்தக் கம்பெனித் தட்டு வாங்கலாம்?" என்றார் நண்பர். "எதுவானாலும் இரண்டாக வாங்கும், ஒன்றை வேறு ஊரில் வையும்" என்றோம். உடனே அவருக்கு ஏதோ நினைவு வந்தது. திண்டிவனத்திலுள்ள தங்கையைத் தொலைபேசியில் அழைத்தார். அந்தப் பாட்டு அவளிடம் இருந்தது, பல்லவி மட்டும்.