தெரியலைன்னும் எழுதலாம்

நம்ம ரவுண்ட் ராக்கில் மளிகைக் கடை வாசல் மரங்களில் சாயங்காலம் கூட்டமாகக் கத்துமே, அந்தக் கறுப்புப் பறவை என்ன? ஊரிலிருந்து வரும் பாட்டி "காக்கா"ன்னு சொல்வார். அது காக்கா இல்லை, கிராக்கிள். கண் மஞ்சள், வால் நீளம். பாட்டி தப்பாகச் சொன்னால் யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் நான் ஒரு தப்பு செய்தேன், கேளுங்கள்.

ஒரு மார்ச் மாதம். பிரஷி கிரீக் பக்கம் நடந்துகொண்டிருந்தேன். உயரத்தில் ஆறு பெரிய வெள்ளைப் பறவைகள் வட்டமடித்தன. இறக்கை ஓரம் கறுப்பு. உடனே ஃபோனை எடுத்தேன். ஈ-பேர்ட் என்று ஒரு செயலி இருக்கிறது. பார்த்த பறவையை யாரும் அதில் பதியலாம். "ஹூப்பிங் கிரேன், 6" என்று போட்டுவிட்டேன். எனக்கு ஒரே பெருமை!

இரண்டு நாள் கழித்து, பதிவுகளைச் சரிபார்க்கும் தன்னார்வலர் ஒருவர் கேட்டார்: "பறக்கும்போது கால் வாலுக்குப் பின்னால் நீட்டியிருந்ததா?" படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். காலே தெரியலை. நான் பார்த்தது கொக்கு இல்லை, கூழைக்கடா! அதுக்கும் இறக்கை ஓரம் கறுப்புதான்.

இதில் என்ன பெரிய விஷயம்? ஹூப்பிங் கிரேன் ஒரு பெரிய வெள்ளைக் கொக்கு. உயரம் சுமார் 5 அடி. 1941-இல் உலகத்திலேயே இருபது சொச்சம்தான் மிஞ்சியிருந்தது. இப்போது குளிர்காலத்தில் கனடாவிலிருந்து டெக்சாஸ் கடற்கரையில் உள்ள அரான்சாஸுக்கு 500-க்கும் மேல் வருகின்றன. வழியில் எங்கே இறங்குகின்றன என்று அறிய, பார்த்தவர்கள் சொல்வதையும் கேட்கிறார்கள். பொய்யான ஆறு பறவைகளை நான் சேர்த்தால், அவர்கள் தப்பான இடத்தில் தேடுவார்கள். தப்பாக அடையாளம் கண்டதால் உயிரே போனதும் உண்டு. 2013 ஜனவரியில் அரான்சாஸ் பக்கம் ஒரு வேட்டைக்காரர், வேறு வகைக் கொக்கு என்று நினைத்து ஓர் இளம் ஹூப்பிங் கிரேனைச் சுட்டுவிட்டார்.

அதனால் குழந்தைகள் எதையும் பதியக் கூடாது என்று சில பெற்றோர் சொல்கிறார்கள். எனக்கு அது சரியாகப் படலை. பதியுங்கள். ஆனால் காலைப் பாருங்கள், கழுத்தைப் பாருங்கள், படம் எடுங்கள். பெயர் நிச்சயமாகத் தெரியாவிட்டால் "பருந்து வகை" என்று மட்டும் போடுங்கள். ஈ-பேர்டில் அதுக்கும் இடம் உண்டு.

போன வாரம் என் மகள் அப்படித்தான் போட்டாள். எந்தப் பருந்து என்று என்னைக் கேட்டாள். நான் எங்கே பார்த்தேன்? இட்லி டப்பாவைத் திறந்துகொண்டிருந்தேன்.