குமரிக்கண்டத்தை விடுங்க, கடாரத்தைப் பிடிங்க

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது பொறுமையா படிங்க. திட்டறதா இருந்தாலும் கடைசி வரைக்கும் படிச்சுட்டுத் திட்டுங்க.

கோவில் வாட்ஸ்அப் குரூப்புல உபயம், அன்னதானத் தகவலுக்கு நடுவுல மாசத்துக்கு ஒரு தடவையாவது அந்த வீடியோ வந்துடும். மடகாஸ்கர்ல இருந்து ஆஸ்திரேலியா வரைக்கும் ஒரே நிலம், பேரு குமரிக்கண்டம், முதல் மனிதன் அங்கதான் பிறந்தான், பேசினது தமிழ், 20,000 வருஷத்துக்கு முன்னாடி கடல் முழுங்கிடுச்சு. கடைசியில "தமிழனா இருந்தா பகிரவும்". நம்ம சமய வகுப்புல படிவம் நான்கு படிக்கிற பிள்ளை ஒருத்தி, "அண்ணா, இது உண்மையா?"ன்னு நேராவே கேட்டுட்டா. அவளுக்குச் சொன்ன பதிலைத்தான் இங்க விரிவா எழுதறேன்.

சுருக்கமான பதில்: கடல் ஊரைக் கொண்டது உண்மையா இருக்கலாம். கண்டம் முழுகியது உண்மை இல்லை.

முதல்ல நம்ம நூல்கள் என்ன சொல்லுதுன்னு பார்ப்போம். பாண்டியனோட நிலத்தைக் கடல் கொண்டது, பஃறுளி ஆறும் குமரிக்கோடும் போனதுன்னு சிலப்பதிகாரம் சொல்லுது. இறையனார் அகப்பொருள் உரை மூன்று சங்கங்களுக்கு 4440, 3700, 1850 ஆண்டுன்னு கணக்குக் கொடுக்குது. மொத்தம் 9990. அடியார்க்குநல்லார் தன் உரையில 49 நாடு, 700 காவதம்னு எழுதறார். ஆனா இவரு எழுதினது சிலப்பதிகாரத்துக்குப் பல நூறு வருஷம் கழிச்சு. காலம் போகப் போக கடல் கொண்ட நிலம் பெருசாகிட்டே வருது, கவனிச்சீங்களா?

"குமரிக்கண்டம்"ங்கற பேரு கந்த புராணத்துல இருக்கு. முருகன் அடியார்கள் நாம, இது நமக்குத் தெரிஞ்சிருக்கணும். அங்க பரத கண்டத்தை ஒன்பது பங்கா பிரிக்கிறாங்க, அதுல ஒரு பங்குதான் குமரிக்கண்டம். கடல்ல முழுகின கண்டம்னு அங்க சொல்லவே இல்லை.

அப்போ முழுகின கண்டம் எங்கிருந்து வந்துச்சு? 1864-ல ஸ்கிளேட்டர்னு ஒரு இங்கிலாந்து விலங்கியலாளர். லெமூர் வகை விலங்குகள் மடகாஸ்கர்லயும் இருக்கு, அதோட உறவுக்கார இனம் இந்தியாப் பக்கமும் இருக்கு, நடுவுல கடல் எப்படித் தாண்டுச்சுன்னு யோசிச்சு, முழுகிப்போன ஒரு நிலம் இருந்திருக்கணும்னு ஊகிச்சார். லெமூரை வச்சு லெமூரியான்னு பேரு வச்சார். 1888-ல தியோசபி பிளவாட்ஸ்கி அம்மையார் அதை எடுத்து ஆன்மிகக் கதையாக்கினாங்க. அதுக்கப்புறம்தான் நம்ம ஆளுங்க பாண்டியனோட கடல்கோளையும் லெமூரியாவையும் கந்த புராணத்துப் பேரையும் ஒண்ணா முடிச்சுப் போட்டாங்க. "வெள்ளைக்காரன் மறைச்சுட்டான்"னு சொல்றவங்க இதைக் கொஞ்சம் யோசிங்க. அந்தக் கண்டத்தை முதல்ல கொடுத்ததே வெள்ளைக்காரன்தான்.

அவங்களே அப்புறம் அதைக் கைவிட்டுட்டாங்க. நிலம் முழுகலை, நகர்ந்துச்சுன்னு 1912-ல வெகனர் சொன்னார். 1960-கள்ல கடலடியை அளந்து பார்த்தப்போ அது உறுதியாச்சு. குமரிக்குத் தெற்கே ஆழ்கடல்ல பல இடத்துல 4 கிலோமீட்டர் ஆழம். அடியில இருக்கறது எரிமலைக் குழம்பு இறுகின கடலடிப் பாறை, முழுகின கண்டம் இல்லை. மொரீசியஸ் தீவுக்கு அடியில பழைய கண்டத்தோட துண்டு இருக்குன்னு 2013-ல ஒரு செய்தி வந்துச்சே, அதையும் வீடியோவுல காட்டறாங்க. செய்தி உண்மைதான். ஆனா அது இந்தியாவும் மடகாஸ்கரும் பிரிஞ்ச காலத்துக் கதை, 8 கோடி வருஷத்துக்கும் முன்னாடி. நம்ம மனுஷ இனத்துக்கே வயசு சுமார் 3 லட்சம் வருஷம்தான். அப்போ யாருங்க தமிழ் பேசினது?

ஆனா கடல் ஏறினது நிஜம். 20,000 வருஷத்துக்கு முன்னாடி கடல் மட்டம் இன்னைக்கு இருக்கறதை விட சுமார் 120 மீட்டர் கீழ. இலங்கையும் தமிழ்நாடும் ஒரே நிலம். மலாயா, சுமத்திரா, ஜாவா, போர்னியோ எல்லாம் ஒரே நிலம். அன்னைக்கு பட்டர்வொர்த்துல இருந்து ஜார்ஜ்டவுனுக்கு ஃபெரி வேண்டாம், நடந்தே வந்திருக்கலாம். கடல் ஏறி கரையோர ஊர்கள் போயிருக்கும். 2004 சுனாமியைப் பார்த்த பினாங்குக்காரங்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனா கரையோர நிலம் போறது வேற, நகரமும் நாகரிகமுமா ஒரு கண்டமே போறது வேற.

சிலர் கேட்பாங்க: "நீங்க கோவில்ல தொண்டு செய்யறவர். முருகனை ஆதாரம் கேட்டா நம்பறீங்க? இதுக்கு மட்டும் என்ன ஆதாரம்?" நியாயமான கேள்விதான். நான் சாமி கும்பிடறது மன்றாட்டு. அதுல எத்தனை கிலோமீட்டர், எத்தனை வருஷம்னு கணக்கு இல்லை. ஆனா "இந்த இடத்துல, இந்த வருஷத்துல, இவ்வளவு பெரிய நிலம் இருந்துச்சு"ன்னு நீங்க சொன்னா, அது அளந்து பார்க்கற விஷயம். அளவு கேட்டா கோபப்படக் கூடாது. கேழ்வரகுல நெய் வடியுதுன்னா கேக்கறவனுக்கு மதி எங்க போச்சும்பாங்க நம்ம பாட்டிங்க.

இது நமக்கு மட்டும் உள்ள வியாதி இல்லை. பக்கத்துல ஜாவாவுல குனோங் பாடாங் மலை 25,000 வருஷத்துக்கும் முன்னாடி மனுஷன் கட்டினதுன்னு 2023-ல ஒரு ஆய்வுக் கட்டுரை வந்துச்சு. நெட்ஃபிளிக்ஸ் வரைக்கும் பேரு போன இடம். 2024-ல அந்தக் கட்டுரையைப் பத்திரிகையே திரும்பப் பெற்றுடுச்சு. காரணம் எளிமையானது. அவங்க வயசு பார்த்தது மண்ணுக்கு. அந்த மண்ணுல மனுஷன் கை பட்டதுக்கு எந்த அடையாளமும் இல்லை. மண்ணு பழசுதான், எல்லா ஊர் மண்ணும் பழசுதான்.

"நம்பிட்டுப் போகட்டுமே, இதனால யாருக்கு என்ன நட்டம்?"னு கேக்கறவங்களுக்காகத்தான் இந்தப் பதிவே. நட்டம் இருக்குங்க. பாலத்தைத் தாண்டி வடக்கே ஒன்றரை மணி நேரத்துக்குள்ள இருக்கு.

கெடாவுல மெர்போக், பூஜாங் பள்ளத்தாக்கு. நம்ம நூல்கள்லயும் கல்வெட்டுலயும் வர்ற கடாரம் இந்தப் பகுதிதான். பட்டினப்பாலையில வர்ற காழகம்ங்கறதும் கடாரம்தான்னு பழைய உரை சொல்லுது. 1025-ல ராஜேந்திர சோழன் படை எடுத்து வந்தது இங்க. அதுக்கு முன்னாடி ராஜராஜன் காலத்துல கடாரத்து அரசன் நாகப்பட்டினத்துல ஒரு புத்த விகாரை கட்டினான், அதுக்கு ஆனைமங்கலம் ஊரையே சோழர் விட்டுக் கொடுத்தாங்க, செப்பேடு இருக்கு. 1930-கள்ல குவாரிட்ச் வேல்ஸ் வந்து தோண்டி, ஒவ்வொரு கோவில் அடித்தளத்துக்கும் எண் போட்டார். சண்டின்னு சொல்றோமே, அதுதான். சுங்கை பத்துவுல 2009-ல இருந்து நம்ம யுஎஸ்எம் ஆய்வாளர்கள் இரும்பு உருக்கின இடத்தையே தோண்டி எடுத்திருக்காங்க. அது எவ்வளவு பழசுங்கறதுல வாதம் நடக்குது. நடக்கட்டும், பொருள் கையில இருக்கறதால வாதம் பண்ண முடியுது.

பினாங்கு மாநிலத்துக்குள்ளயே வாங்க. 1834-ல செபராங் பிறையில ஜேம்ஸ் லோ ஒரு கல்லைக் கண்டெடுத்தார். புத்தகுப்தன்ங்கற மாலுமி, கடல் பயணம் நல்லபடியா முடியணும்னு வேண்டி எழுதினது, சுமார் 1500 வருஷம் பழசு. இன்னைக்கு அது கொல்கத்தா அருங்காட்சியகத்துல இருக்கு. புக்கிட் மெர்தாஜாம்ல செயின்ட் ஆன் தேவாலய வளாகத்துல எழுத்துள்ள பாறை ஒண்ணு இருக்கு. எத்தனை பேர் போய்ப் பார்த்திருக்கோம்?

இதுலயும் நேர்மை வேணும். புத்தகுப்தன் கல் சமஸ்கிருதம், அவன் வந்தது வங்காளப் பக்கத்துல இருந்து. பூஜாங்ல சைவமும் இருக்கு, பௌத்தமும் இருக்கு, இரும்பு உருக்கினதுல இந்த மண்ணோட மக்கள் உழைப்பும் இருக்கு. ராஜேந்திரன் இங்க கோவில் கட்ட வரலை, படையோட வந்தான். "எல்லாமே தமிழன் கட்டினது"ன்னு சொன்னா அது இன்னொரு குமரிக்கண்டம். ஆனா தாய்லாந்து கிராபிப் பக்கத்துல ஒரு பொற்கொல்லன் பொன் உரைச்சுப் பார்த்த கல் கிடைச்சிருக்கு. அதுல தமிழ் எழுத்துல "பெரும்பதன் கல்"னு இருக்கு, மூணாம் நான்காம் நூற்றாண்டு. உள்ளங்கைக்குள்ள அடங்கற கல்லு. எனக்கு அந்த ஒரு கல்லு போதும், ஒரு கண்டம் வேண்டாம்.

இப்ப நட்டத்தைச் சொல்றேன். 2013 டிசம்பர்ல ஒரு செய்தி வந்துச்சு, ஞாபகம் இருக்கா? வேல்ஸ் எண் போட்ட 11-ம் சண்டியை, வீடு கட்ட நிலம் சீர் பண்ணும்போது இடிச்சுத் தள்ளிட்டாங்க. தனியார் நிலம், அரசிதழ்ல பாதுகாப்புப் பட்டியல்ல இல்லை. 2005-லயே தேசிய பாரம்பரியச் சட்டம் வந்தாச்சு, ஆனா பட்டியல்ல சேர்க்காத இடத்துக்குச் சட்டம் எப்படிக் காவல் நிற்கும்? பட்டியல்ல சேருங்கன்னு வருஷக்கணக்கா மனு போட்டுக் கேட்டிருக்க வேண்டியவங்க யாரு? நாமளும்தான். வெண்ணெயைக் கையில வச்சுக்கிட்டு நெய்க்கு அலைஞ்சோம்.

இன்னொரு நட்டமும் இருக்கு. முழுகின கண்டத்தை நம்பறவன்னு பேரு எடுத்துட்டா, நாளைக்கு உண்மையான கல்லோட, உண்மையான கோரிக்கையோட போய் நிக்கும்போதும் சிரிப்பாங்க. கீழடியில குழி தோண்டி, கரியை ஆய்வகத்துக்கு அனுப்பி, கி.மு. 6-ம் நூற்றாண்டுன்னு சொல்ல எத்தனை பேர் உழைச்சிருக்காங்க. அந்த உழைப்பையும் நம்ம வீடியோவையும் ஒரே தட்டுல வச்சுடுவாங்க.

கோவில்காரங்களுக்கும் ஒரு வார்த்தை. திருப்பணி வரும்போது பழைய உபயக் கல், பழைய கணக்குப் புத்தகம், பழைய படங்களைக் குப்பை லோரியில ஏத்தாதீங்க. 20,000 வருஷப் பெருமை பேசற நாம 100 வருஷப் பொருளைத் தூக்கிப் போடறோம். ஒரு போட்டோ எடுத்து, தேதி எழுதி, ஒரு பெட்டியில வைங்க. அது போதும்.

இனி எந்த வீடியோ வந்தாலும் பிள்ளைங்க நாலு கேள்வி கேட்கட்டும். எங்க கிடைச்சுது? யார் தோண்டினாங்க? வயசு எப்படிக் கண்டுபிடிச்சாங்க? மறுத்தவங்க என்ன சொல்றாங்க? பதில் இல்லைன்னா பகிர வேண்டாம். அதனால தமிழ் ஒண்ணும் குறைஞ்சிடாது.

அடுத்த பள்ளி விடுமுறையில பிள்ளைங்களை மெர்போக் அருங்காட்சியகத்துக்குக் கூட்டிட்டுப் போங்க. புக்கிட் பத்து பஹாட் சண்டியோட கல்லைப் பக்கத்துல நின்னு பார்க்கட்டும். வேன் ஏற்பாட்டுக்கு உதவறவங்க கமெண்ட்ல சொல்லுங்க, சமய வகுப்புல இருந்தே ஒரு நாள் போகலாம்.

முருகன் துணை.