மெய்நிகர் பொருளுக்கு விலை என்ன? ஜெர்மனி தரும் இரு பதில்கள்

கணினித் திரையில் மட்டுமே இருக்கும் ஓர் ஆடைக்கோ, வீட்டுக்கோ, நிலத்துக்கோ மக்கள் பணம் கொடுப்பது இப்போது புதிய செய்தியல்ல. ஆனால் அப்படிக் கொடுக்கப்படும் தொகை சட்டத்தின் பார்வையில் ஒரு விலைதானா, அதை எதைக் கொண்டு நிர்ணயிப்பது என்ற கேள்விகளுக்கு ஒருமித்த விடை இல்லை. இத்துறையின் ஆரம்பகால வெற்றிக் கதைகளில் ஒன்று உருவான ஜெர்மனியிலேயே வரிச் சட்டம் ஒரு பதிலையும், குடிமையியல் சட்டம் வேறொரு பதிலையும் தருகின்றன.

இந்த வேறுபாட்டின் சுமை, வாடிக்கையாளர் கேட்டபடி ஒவ்வொரு பொருளாகச் செய்து கொடுக்கும் சிறு வடிவமைப்பாளர்களின் மீதே அதிகம் விழக்கூடும்.

பிராங்பர்ட் அருகே ஒரு செல்வந்தர்

அமெரிக்காவின் லிண்டன் லேப் நிறுவனம் 2003ஆம் ஆண்டு "செகண்ட் லைஃப்" என்ற மெய்நிகர் உலகைத் திறந்தது. அங்குள்ள கட்டடங்களையும் ஆடைகளையும் பெரும்பாலும் பயனாளர்களே உருவாக்குகின்றனர். தாம் உருவாக்கியவற்றின் அறிவுசார் சொத்துரிமை அவர்களுக்கே உரியது என்று அதே ஆண்டு நவம்பரில் அந்நிறுவனம் ஏற்றுக்கொண்டது. பொழுதுபோக்காகத் தொடங்கியது ஒரு சந்தையாக மாறியதற்கு இந்த முடிவு முக்கியக் காரணமாகும்.

சீனாவில் பிறந்து, பிராங்பர்ட் நகருக்கு அருகே வசித்துவந்த அய்லின் கிரேஃப் என்ற பெண், "ஆன்ஷே சங்" என்ற பெயரில் இவ்வுலகில் வணிகம் செய்தார். 2006 மே மாதம் அமெரிக்காவின் பிசினஸ்வீக் சஞ்சிகை அவரது மெய்நிகர் உருவத்தை அட்டைப்படமாக வெளியிட்டது. தமது மெய்நிகர் சொத்துகளின் மதிப்பு பத்து லட்சம் டாலரைத் தாண்டிவிட்டதாக அதே ஆண்டு நவம்பரில் அவர் அறிவித்தார்.

அந்த மதிப்பு வங்கியில் இருந்த பணமல்ல. அவர் வசமிருந்த மெய்நிகர் நிலங்களையும் பிற உடைமைகளையும் அன்றைய சந்தை விலையில் கணக்கிட்டுச் சொல்லப்பட்டது அது. வெற்று நிலத்தை வாங்கி, சிறு மனைகளாகப் பிரித்து, மரங்களும் கட்டடங்களும் அமைத்து விற்பதும் வாடகைக்கு விடுவதும் அவரது தொழில். நிலத்தின் விலையை உயர்த்தியது அதன்மீது செலுத்தப்பட்ட வடிவமைப்பு உழைப்பேயாகும். அவரது நிறுவனம் சீனாவின் வூஹான் நகரில் பலரைப் பணிக்கு அமர்த்தியிருந்தது என்பது குறிப்பிடத்தக்கது.

தையற்காரரின் கணக்கு

இச்சந்தையின் அடிப்படைச் சிக்கல் எளிமையானது. முதல் பொருளைச் செய்வதற்கு நேரமும் திறமையும் தேவை. இரண்டாவது பிரதிக்குச் செலவு ஏதுமில்லை.

ஓர் உதாரணத்தைப் பார்க்கலாம். ஓர் ஆடையை வடிவமைக்கப் பத்து மணி நேரம் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். ஜெர்மனியில் 2025ஆம் ஆண்டின் குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 12.82 யூரோ. அதன்படி அந்த உழைப்பின் மதிப்பு ஏறத்தாழ 128 யூரோ. செகண்ட் லைஃப் உலகின் நாணயமான லிண்டன் டாலர் சுமார் 250 சேர்ந்தால்தான் ஓர் அமெரிக்க டாலர். ஆடை 250 லிண்டன் டாலருக்கு விற்கப்பட்டால், உழைப்புக்கான கூலியை மீட்கவே ஏறத்தாழ 150 பேர் அதை வாங்க வேண்டும்.

ஆயத்த ஆடைக்கு இந்தக் கணக்கு சாத்தியமானது. ஆனால் ஒரு வாடிக்கையாளர் தமக்கென்றே தனியாக ஓர் ஆடை கேட்டால் முழுச் செலவையும் அவர் ஒருவரே ஏற்க வேண்டும். ஒரு டாலருக்கு ஆடை வாங்கிப் பழகியவருக்கு 37,000 லிண்டன் டாலர் என்ற விலை அநியாயமாகத் தோன்றும். தையற்காரரிடம் சென்று ஆயத்த ஆடையின் விலையைச் சுட்டிக்காட்டிப் பேரம் பேசுவதைப் போன்றது இது. குறைந்தபட்ச ஊதியச் சட்டம் சுயதொழில் செய்வோருக்குப் பொருந்தாது என்பதால், விலையைக் குறைத்துக்கொள்ளும் வடிவமைப்பாளருக்கு அச்சட்டம் பாதுகாப்பளிப்பதில்லை.

சில பொருட்களை வேறு எவருக்கும் விற்கவே இயலாது. 2022ஆம் ஆண்டின் தொடக்கத்தில் தமிழகத்தில் மெய்நிகர் வெளியில் நடந்த ஒரு திருமண வரவேற்பில், மணமகளின் காலஞ்சென்ற தந்தையின் உருவம் வடிவமைக்கப்பட்டு, மணமக்களை வாழ்த்துவதாகக் காட்டப்பட்டது. அந்த உருவத்துக்கு உலகில் ஒரே ஒரு குடும்பமே வாடிக்கையாளராக இருக்க முடியும். அதன் செலவைப் பலரிடம் பகிர்ந்தளிக்க வழியில்லை.

உரிமையின் விலை

எனவே வடிவமைப்பாளர்களுக்கு ஒரு நடுவழி இருக்கிறது. பொருளை மீண்டும் பிறருக்கு விற்கும் உரிமையைத் தாமே வைத்துக்கொண்டால் குறைந்த விலை. வாடிக்கையாளருக்கு மட்டுமே உரியதாக வேண்டுமென்றால் கூடுதல் விலை. பிரதியெடுத்தல், மாற்றியமைத்தல், பிறருக்குக் கைமாற்றுதல் ஆகிய மூன்று அனுமதிகளையும் தனித்தனியாக வழங்கவோ மறுக்கவோ செகண்ட் லைஃப் இடமளிக்கிறது.

ஜெர்மனியப் பதிப்புரிமைச் சட்டமும் இதற்கு இசைவானதே. அங்கு படைப்பாளி தமது பதிப்புரிமையை விற்றுவிட முடியாது. பயன்பாட்டு உரிமைகளை மட்டுமே வழங்கலாம். அதற்கு நியாயமான ஊதியம் கோரும் உரிமையும் அவருக்கு உண்டு.

ஆனால் இந்த ஏற்பாடு தொழில்நுட்பத்தின் தயவில் நிற்கிறது. 2006 நவம்பரில் "காப்பிபாட்" என்ற மென்பொருள் பிறரது பொருட்களை அனுமதியின்றிப் பிரதியெடுக்கப் பயன்பட்டபோது, செகண்ட் லைஃபில் வணிகர்கள் பலர் கடைகளை மூடி எதிர்ப்புத் தெரிவித்தனர். அதைப் பயன்படுத்துவது விதிமீறல் என்று லிண்டன் லேப் அறிவித்த பின்னரும் அச்சம் முழுமையாக நீங்கவில்லை.

பெரிய நிறுவனங்களின் நிலை வேறு. ஜெர்மனியின் அடிடாஸ் நிறுவனம் 2021 டிசம்பரில் 30,000 எண்மச் சான்றுகளை, ஒவ்வொன்றும் 0.2 ஈதர் என்ற விலையில் விற்பனைக்கு விட்டது. அந்த விலையைத் தீர்மானித்தவை உழைப்பு மணிகள் அல்ல. நிறுவனத்தின் பெயரும் செயற்கையாக ஏற்படுத்தப்பட்ட தட்டுப்பாடும்தான். அடுத்த ஆண்டே இத்தகைய சான்றுகளின் சந்தை பெரும் சரிவைக் கண்டது.

சட்டத்தின் இரு பதில்கள்

இணைய விளையாட்டு ஒன்றில் மெய்நிகர் நிலத்தை வாடகைக்கு விட்டு, கிடைத்த விளையாட்டு நாணயத்தைப் பணமாக மாற்றிய ஒருவர் தொடர்பான வழக்கை கொலோன் நிதி நீதிமன்றம் 2019ஆம் ஆண்டு விசாரித்தது. அந்த வாடகை, மதிப்புக் கூட்டு வரிக்கு உட்பட்டது என்று அது கருதியது. ஆனால் மியூனிக் நகரிலுள்ள கூட்டாட்சி நிதி நீதிமன்றம் 2021 நவம்பர் 18ஆம் தேதி இக்கருத்தை ஏற்க மறுத்தது. விளையாட்டுக்குள் நடப்பது விளையாட்டில் பங்கேற்பதே அன்றி, நிஜப் பொருளாதார வாழ்வில் பங்கேற்பது அல்ல என்பது அதன் வாதம். விளையாட்டு நாணயத்தைச் சட்டபூர்வப் பணமாக மாற்றும் கட்டம்தான் வரிச் சட்டத்தின் எல்லைக்குள் வருகிறது.

இதே தர்க்கத்தைப் பின்பற்றினால், விளையாட்டு நாணயத்துக்கு விற்கப்படும் ஓர் ஆடைக்கும் அந்த உலகுக்குள் வரி சார்ந்த விலை இல்லை என்றே வாதிடலாம்.

இதற்கு மாறாக, ஐரோப்பிய ஒன்றியத்தின் வழிகாட்டு நெறியைப் பின்பற்றி 2022 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த ஜெர்மனியக் குடிமையியல் சட்ட விதிகள், மதிப்பின் எண்ம வடிவமும் ஒரு விலையே என்று கூறுகின்றன. நுகர்வோரின் குறிப்புகளுக்கேற்ப உருவாக்கப்படும் எண்மப் பொருட்களும் இவ்விதிகளின் கீழ் வருகின்றன. தொழிலாகச் செய்யும் விற்பனையாளர் குறைபாடுகளுக்குப் பொறுப்பேற்க வேண்டும். நியாயமாக எதிர்பார்க்கக்கூடிய காலம்வரை புதுப்பித்துத் தரவும் வேண்டும்.

சிறு வடிவமைப்பாளருக்கு வரியை விட இந்தக் கடமையே கனமானது. முந்தைய ஆண்டின் விற்றுமுதல் 25,000 யூரோவைத் தாண்டாதவர்களுக்கு 2025 முதல் மதிப்புக் கூட்டு வரி விலக்கு உண்டு. புதுப்பிக்கும் பொறுப்புக்கு அப்படிப்பட்ட வரம்பு ஏதுமில்லை. மெய்நிகர் உலகை நடத்தும் நிறுவனம் தனது தொழில்நுட்பத்தை மாற்றினால் நேற்றுப் பொருந்திய ஆடை நாளை பொருந்தாமல் போகலாம். 2011ஆம் ஆண்டு செகண்ட் லைஃபில் புதிய முப்பரிமாண வடிவமைப்பு முறை அறிமுகமானபோது வடிவமைப்பாளர்கள் பலர் தொழிலையே புதிதாகக் கற்க நேர்ந்தது.

தமிழர்களுக்கும் இதில் அக்கறை உண்டு. சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ இருந்தபடி ஜெர்மனிய நுகர்வோரை இலக்காகக் கொண்டு இத்தொழிலைச் செய்பவருக்கும் அந்நாட்டு நுகர்வோர் பாதுகாப்பு விதிகள் பொருந்தக்கூடும்.

ஆகவே, தனித்துச் செய்து தரும் மெய்நிகர் பொருளின் விலையில் மூன்று அம்சங்கள் அடங்கியிருக்க வேண்டும்: செலவிட்ட நேரம், விட்டுக்கொடுத்த உரிமை, பின்னாளில் பழுதுபார்க்கும் பொறுப்பு. இன்று பெரும்பாலும் பேரம் பேசப்படுவது முதலாவதைப் பற்றி மட்டுமே. மற்ற இரண்டையும் வேலை தொடங்குமுன் எழுத்தில் பேசி முடிக்காத வடிவமைப்பாளர், தமது உழைப்பின் ஒரு பகுதியை இலவசமாகக் கொடுத்துவிடும் நிலை நீடிக்கும்.