"ரெண்டு பேரு போதும்"னு சொல்றவங்களுக்கு ஒரு கணக்கு

போன கிறிஸ்மஸுக்கு ஊருக்குப் போயிருந்தேன். கன்னியாகுமரி மாவட்டத்துல ஒரு கடலோரக் கிராமம். காலையில கரையில நடந்துட்டு இருந்தப்போ ஒரு ஃபைபர் வள்ளத்துல இருந்து எஞ்சினைக் கழட்டி எடுத்துட்டுப் போனாங்க. 40 குதிரைசக்தி அவுட்போர்டு. ரெண்டே பேர். ஒருத்தர் தலைப்பக்கம், இன்னொருத்தர் ப்ரொப்பல்லர் பக்கம். ஈர மணல்ல தள்ளாடித் தள்ளாடி மேட்டுக்கு ஏறினாங்க. "அண்ணாச்சி, கூட ரெண்டு பேரைக் கூப்பிடலாமே"ன்னு வாயை விட்டேன். "ரெண்டு பேரு போதும் மக்கா, நீ போயி கம்ப்யூட்டரைத் தூக்கு"ன்னு பதில் வந்துச்சு.

சுத்தி நின்னவங்க எல்லாம் சிரிச்சாங்க. நானும் சிரிச்சு வச்சேன் :-) ஆனா அந்த "போதும்"ங்கிற வார்த்தையைக் கேட்டா எனக்கு இன்னிக்கும் வயித்தைக் கலக்கும். ஏன்னு சொல்லணும்னா கொஞ்சம் கொசுவத்தி சுத்தணும். பொறுத்துக்கோங்க.

2017, மே மாசம். எஞ்சினியரிங் முதல் வருஷம் முடிச்சுட்டு லீவுக்கு வந்திருந்தேன். மெக்கானிக்கல். (இப்ப சென்னையில பொட்டி தட்டுறேன், அது வேற கதை.) எங்க மாமா வள்ளத்து எஞ்சினை ரிப்பேருக்குக் கொண்டு போகணும். வழக்கமா கூட வர்றவர் அன்னிக்கு வரலை. "நீ காலைப் பிடிச்சா போதும்லே, கனமெல்லாம் என் பக்கந்தான்"னு மாமா சொன்னார். நானும் ஜிம் பாடி மாதிரி நெஞ்சை நிமித்திக்கிட்டுப் போனேன். பத்தடி கூட நடந்திருக்க மாட்டோம். எண்ணெயும் உப்புத்தண்ணியுமா இருந்த அந்த இரும்பு என் கையில வழுக்குச்சு. விட்டுட்டேன். மொத்த எடையும் மாமா பக்கம் போச்சு. அவர் திரும்பின வாக்குல இடுப்பு பிடிச்சது, எஞ்சின் கால் மேல விழுந்தது. பாதத்துல ரெண்டு எலும்பு. முதுகுல டிஸ்க்கு. அதுக்கப்புறம் அவர் கடலுக்குப் போகலை.

ஊர் சொன்ன தீர்ப்பு என்ன தெரியுமா? "கொஞ்சம் கவனமா இருந்திருக்கலாம்." ஆஸ்பத்திரியில சொன்னாங்க, வீட்டுல சொன்னாங்க, ஏன், மாமாவே சொன்னார். என்னைத் தேத்துறதுக்காக, "உன் தப்பு இல்ல மக்கா, நாந்தான் கவனிக்கலை"ன்னார்.

நான் இந்தப் பதிவுல சண்டை போட வந்தது அந்த வார்த்தையோடதான். கவனமாவது மண்ணாங்கட்டியாவது! கணக்கைப் பாருங்க.

40 குதிரைசக்தி ரெண்டு ஸ்ட்ரோக் அவுட்போர்டு சுமார் 70 கிலோ. ரெண்டு பேர் தூக்கினா ஆளுக்கு 35ன்னுதான் எல்லாரும் நெனைக்கிறாங்க. ஆனா அவுட்போர்டுல கனமான பாகம் எல்லாம் மேல, மூடிக்குள்ள இருக்கு. கீழ இருக்கறது நீளமான ஒரு தண்டும் கியர்பெட்டியும். நீளம் 120 சென்டிமீட்டர், எடை மையம் தலையில இருந்து 30 சென்டிமீட்டர்னு வச்சுக்குவோம். படுக்க வச்சுத் தூக்கினா தலைப்பக்கம் நிக்கிறவருக்கு 52 கிலோவுக்கு மேல, கால்பக்கம் நிக்கிறவனுக்கு 18 கிலோ கூடக் கிடையாது. முதல் வருஷ மெக்கானிக்ஸ் பேப்பர்ல இதே கணக்கைப் போட்டு மார்க் வாங்கிட்டு வந்த பயதான் நான். கரையில நின்னப்போ ஒரு நிமிஷம் யோசிக்கலை!

இன்னொரு கணக்கு. அமெரிக்காவுல தொழில் பாதுகாப்பு ஆராய்ச்சிக்குன்னு நியோஷ்னு ஒரு அரசு அமைப்பு இருக்கு. அவங்க கணக்குப்படி, சமமான தரை, நல்ல பிடி, சுமை உடம்போட ஒட்டி, இடுப்பைத் திருப்பாம... இப்படி எல்லாம் கச்சிதமா அமைஞ்சாலே ஒருத்தர் தூக்கறதுக்கு 23 கிலோதான் வரம்பு. சர்வதேச தொழிலாளர் அமைப்பு 1967-ல கொடுத்த பரிந்துரை தாராளமானது, அதுவே 55 கிலோ. மாமா கிட்டத்தட்ட அந்த உச்சத்தை வழுக்குற பிடியோட, சரிவுல, வெறுங்கால்ல சுமந்திருக்கார். இதுல எங்கய்யா கவனத்துக்கு இடம்? யாருக்கும் எப்பவுமே வழுக்கக் கூடாதுன்னு நம்பி ஒரு வேலையை அமைச்சா, வழுக்கின அன்னிக்கு வழுக்கினவன் தலையில பழியைப் போட முடியாது. நம்ம ஆபீஸ்ல பேக்கப் எடுக்காம டேட்டாபேஸ்ல கை வைப்போமா? வச்சா மேனேஜர் சும்மா விடுவாரா?

"எங்க அப்பன் காலத்துல இருந்து இப்படித்தான் தூக்கறோம்"னு அடுத்து ஒரு வாதம் வரும். அப்பன் தூக்கினது வேற எஞ்சின் சாமி! 1909-ல ஓலே எவின்ரூட் அமெரிக்காவுல விற்பனைக்குக் கொண்டு வந்த அவுட்போர்டு ஒன்றரைக் குதிரைசக்தி, எடை 28 கிலோ. நம்ம ஊர்ல முதல்ல வந்த 8 குதிரைசக்தி எஞ்சினும் கிட்டத்தட்ட அவ்வளவுதான், ஒத்தை ஆள் தோள்ல போட்டுட்டுப் போவார். அந்தப் பழக்கத்தை அப்படியே 70 கிலோவுக்குக் கொண்டு வந்துட்டோம். 40 குதிரைசக்தியிலயே நாலு ஸ்ட்ரோக் வாங்கினா எடை 100 கிலோவை நெருங்கும். எஞ்சின் வளர்ந்துச்சு, இடுப்பு வளரலையே?

சரி, குறை மட்டும் சொன்னா எப்படின்னு கேப்பீங்க. செய்யற முறை இதுதான். மெக்கானிக்குங்க கிட்ட கேட்டு, நானே கூட நின்னு செஞ்சு பார்த்தது.

1. வள்ளத்தை அலை தொடாத இடத்துக்கு ஏத்தி, ரெண்டு பக்கமும் முட்டுக் குடுங்க. தண்ணியில மிதக்கறப்போ கழட்டவே கூடாது. எஞ்சின் விட்டதும் பின்பக்கம் சட்டுன்னு எழும்பும், நிக்கிற ஆள் விழுவார்.

2. எண்ணெய்க் குழாயைக் கழட்டி டாங்க்கைத் தள்ளி வைங்க. பீடியும் தள்ளி வைங்க. பேட்டரி இருந்தா நெகட்டிவ் வயரை முதல்ல கழட்டுங்க. கேபிள் ஒண்ணு விடாம கழட்டுங்க. மறந்துபோன ஒரு கேபிள் போதும், தொங்கற எஞ்சினைச் சுண்டி இழுத்துரும்.

3. இரும்புக் குழாய் முக்காலியை எஞ்சினுக்கு நேர் மேல நிறுத்துங்க. மணல்ல கால் புதையாம இருக்க அடியில பலகை, கால்கள் விரியாம இருக்கக் குறுக்கே சங்கிலி. உச்சியில செயின் புளாக்.

4. கொக்கியை எஞ்சின் மேல இருக்கற தூக்கு வளையத்துல மாட்டுங்க. மேல்மூடியில மாட்டாதீங்க, அது மழைக்குத்தான் :-) வளையம் இல்லாத எஞ்சின்னா கம்பெனி குடுத்த புத்தகத்துல காட்டின இடத்துல மட்டும் பெல்ட் போடுங்க.

5. சங்கிலி எடையை வாங்கினதுக்கு அப்புறந்தான் ஸ்குரூவையும் போல்ட்டையும் தொடணும். இதுதான் உயிர்நாடி. அதுக்காக வள்ளமே எழும்பற மாதிரி இழுக்கக் கூடாது, போல்ட்டு விட்ட நொடி எஞ்சின் துள்ளும்.

6. தூக்கி, வள்ளத்தை விட்டு விலக்கி, சக்கரம் வச்ச ஸ்டாண்டுல நிமிர்ந்த வாக்குல இறக்குங்க. தொங்கற எஞ்சினுக்கு அடியில கை, கால் எதுவும் போகக் கூடாது. தண்ணி வடியற வரைக்கும் ப்ரொப்பல்லர் பக்கம் தலையை விட மேல போகவும் கூடாது, தண்ணி சிலிண்டருக்குள்ள இறங்கிரும்.

பழகிட்டா அரை மணி நேர வேலை. ரெண்டு பேரே பண்ணலாம். ஆமாங்க, அப்பத்தான் "ரெண்டு பேரு போதும்"கிறது உண்மை!

"இதுக்கெல்லாம் காசு யாரு குடுப்பா?" ஒரு டன் செயின் புளாக் சில ஆயிரம் ரூபாய். முக்காலியை உள்ளூர் வெல்டிங் கடையிலயே அடிச்சுக்கலாம். எஞ்சின் விலை லட்சக்கணக்குல. அந்த லட்சத்துக்குக் கடன் வாங்கறோம், மானியத்துக்கு வரிசையில நிக்கிறோம். கூடவே கரைக்கு ஒரு முக்காலி வேணும்னு எந்தக் கூட்டத்துலயாவது யாராவது கேட்டிருக்கோமா? எஞ்சின் கீழ விழுந்தா எத்தனை ரூபாய் நஷ்டம்னு உடனே சொல்லத் தெரியுது. மாமா இடுப்புக்கு என்ன விலைன்னு யாரும் கணக்குப் போடலை. முப்பது வருஷம் கடலுக்குப் போன மனுஷன் இப்ப வீட்டு வாசல்ல ஸ்டூல் போட்டு அடுத்தவங்க கார்புரேட்டரைச் சுத்தம் பண்ணிட்டு இருக்கார்.

கரையில சிரிச்ச அண்ணன்மாருக்கு ஒண்ணு சொல்லிக்கறேன். உங்க பலத்தை நான் சந்தேகப்படலை. என்னால உங்கள்ல பாதி கூட முடியாது. ஆனா எங்க மாமாவும் ஊர்லயே பலசாலிதான். கால்பக்கம் பிடிச்சிருந்த நோஞ்சான் நான் கையை விட்டதும் அவர் பலம் எதுக்கும் உதவலை. உங்க எஞ்சினோட கால்பக்கத்தை இன்னிக்கு யார் பிடிச்சிருக்கான்னு ஒரு தடவை திரும்பிப் பாருங்க. பெரும்பாலும் உங்க மகனாவோ மருமகனாவோதான் இருப்பான். அவன் கை வழுக்கினா, அந்த நினைப்போட வாழப் போறது அவன்தான்.

பி.கு: வேலைக்குச் சேர்ந்த வருஷம் ஒரு முக்காலியும் செயின் புளாக்கும் வாங்கி மாமா வீட்டுல போட்டேன். ஆறு மாசம் அதுல துணிதான் காய்ஞ்சுது :-( இப்ப மூணு வள்ளக்காரங்க வந்து எடுத்துட்டுப் போறாங்களாம். வாடகை கிடையாது. திருப்பிக் கொண்டு வரும்போது சங்கிலிக்கு எண்ணெய் போட்டுக் கொண்டு வரணும், அது மாமா உத்தரவு.