அடிபடுவது ஆட்டத்தின் விதியன்று

"விளையாட்டென்றால் அடிபடத்தான் செய்யும்" என்று பெற்றோர் பலர் சொல்லக் கேட்கிறேன். இக்கருத்தில் எனக்கு உடன்பாடில்லை. கால்பந்தில் சிராய்ப்பும் சிறு வீக்கமும் நேர்வது இயல்பு. ஆனால், மாதக்கணக்கில் பிள்ளைகளை முடக்கிப்போடும் காயங்களுள் பலவற்றைத் தடுக்க இயலும்.

இதற்குச் சான்று உண்டு. ஃபிஃபா அமைப்பு 2006-இல் '11+' என்னும் ஆட்டத்துக்கு முந்தைய பயிற்சியை உருவாக்கியது. மெதுவோட்டம், தொடை மற்றும் இடுப்புத் தசைகளுக்கு வலுவூட்டல், ஒற்றைக்காலில் நிலைநிற்றல், குதித்திறங்கும்போது முழங்கால் உட்புறமாக மடங்காமல் காத்தல் ஆகியவை அதன் கூறுகள். 20 நிமிடங்கள் போதும். பந்தைத் தவிர வேறு கருவி தேவையில்லை. நார்வேயில் 13 முதல் 17 வயது வரையிலான 1,892 சிறுமியரிடம் இதனை ஆராய்ந்தனர். 2008-இல் வெளியான முடிவின்படி, இப்பயிற்சியைச் செய்த அணிகளில் கடுங்காயங்கள் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்திருந்தன.

பருவமெய்திய பெண்களுக்கு முழங்காலின் ஏ.சி.எல். தசைநார் கிழியும் வாய்ப்பு ஆண்களைவிட மிகுதி. இதைக் காரணமாக்கி மகளின் ஆட்டத்தை நிறுத்துவது முறையன்று. முறையான பயிற்சி அவர்களையே பெரிதும் காக்கிறது. அத்தசைநார் கிழிந்து அறுவை சிகிச்சை செய்துகொண்டால், களம் திரும்பக் குறைந்தது 9 மாதங்கள் ஆகும். அதனோடு ஒப்பிட்டால் 20 நிமிடங்கள் பெரிய விலையன்று.

வளரும் எலும்பின் முனைகளில் உள்ள வளர்ச்சித் தட்டுகள் மென்மையானவை. ஓய்வின்றி ஓடும் பிள்ளைக்குக் குதிகாலிலும் முழங்காலுக்குக் கீழும் வலி தோன்றுவது இதனால்தான். வலியுள்ள இடத்தை எண்ணெயிட்டு அழுத்தி நீவ வேண்டாம். வலியை மறைத்து ஆடுவதை வீரமென்று பாராட்டவும் வேண்டாம். அணியில் இடம் போய்விடுமோ என்ற அச்சத்தால் வலியைச் சொல்லாத பிள்ளைகள் உண்டு. அவர்கள் தயங்காமல் சொல்லும்படி நடந்துகொள்வது நம் கடமை.

தலையில் அடிபட்டபின் தலைச்சுற்றல், குழப்பம், குமட்டல், மறதி ஆகியவற்றுள் ஒன்று காணப்பட்டாலும் அன்றைய ஆட்டம் அத்துடன் முடிந்தது. மீண்டும் மீண்டும் வாந்தி, கூடிவரும் தலைவலி, வலிப்பு, நினைவிழத்தல் ஆகியவை இருப்பின் உடனே அவசரச் சிகிச்சைப் பிரிவுக்கு வாருங்கள்.

கோடைப் பயிற்சி முகாமுக்குக் கட்டணம் செலுத்துமுன் பயிற்சியாளரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். ஆட்டத்துக்கு முந்தைய பயிற்சி நாள்தோறும் உண்டா? முன்கால் காப்பின்றி எவரையும் களமிறக்குவதுண்டா? வாரத்தில் ஒரு நாளேனும் முழு ஓய்வு உண்டா? நிறைவான விடை கிடைக்காவிட்டால் வேறு முகாமைத் தேடுங்கள். கோப்பையை அடுத்த ஆண்டும் வெல்லலாம். முழங்காலோ ஆயுள் முழுமைக்கும் வேண்டும்.